மலாவி ஏரியில் ஒரு படித்துறை

தஞ்சாவூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தனியார் லேபில் சிறுநீர் பரிசோதனைக்குப் புது மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பூஜை போட்டு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் குழாயை வைத்தால் மறுபக்கம் சீட்டு வந்து விழுகிறது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து நோக வேண்டியதில்லையாம். அதில் ஒருத்தி, "மேடம், நீங்க ஆப்பிரிக்காவுல இருந்தீங்களாமே, சிங்கமெல்லாம் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் அங்கே பார்த்ததெல்லாம் மூத்திரம்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடங்காததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மயிலாடுதுறைக்காரி. லுத்தரன் குடும்பம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் வேலை கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் முழுக்கக் கண்ணாடிக் குழாய் கழுவியதுதான் என் படிப்பு. அடுத்த வருஷம் ரத்தம் எடுக்க விட்டார்கள். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. தொண்ணூறுகளில் ஊரெல்லாம் தனியார் ஸ்கேன் சென்டர்கள் முளைக்க, எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி வார்டு வார்டாக மூடிக்கொண்டு வந்தது. கூட இருந்த நர்சுகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். எனக்கு வாய்த்தது மலாவி. சபை மூலமாக வந்த இடம். வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. என் இரண்டு பெண்களையும் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்குத்தான் அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

மலாவிக்குக் கடல் கிடையாது. நீளமாக, ஒல்லியாக, ஒரு பக்கம் முழுக்க ஏரியை வைத்துக்கொண்டு கிடக்கிற நாடு. ஏரி என்றால் நம் ஊர் ஏரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். அக்கரை தெரியாது. அலை அடிக்கும், காற்று வீசினால் படகு கவிழும். நம் பக்கம் ஆறுகள் எல்லாம் போய்க் கடலில் முடியும். அங்கே மலையிலிருந்து இறங்குகிற ஆறுகள் ஏரியில் முடிகின்றன. தெற்கே ஒரே ஓர் ஆறு மட்டும் ஏரியை விட்டு வெளியே போகிறது.

கடல் இல்லாத நாடு என்றால் என்ன என்பது எனக்கு லேபில்தான் புரிந்தது. துறைமுகம் பக்கத்து நாட்டில் இருந்தது. அந்த நாட்டில் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எதுவாக இருந்தாலும் லாரியில் வர வேண்டும். ஸ்லைடு கண்ணாடி பாதி உடைந்து வரும், ஸ்பிரிட் வரவே வராது. ஸ்லைடுகளைக் கழுவிக் கழுவி மறுபடி வைத்துக்கொண்டோம். நான் முதல் வருஷம் கற்ற குழாய் கழுவும் வித்தை அங்கே ரொம்ப உதவியது. அந்த நாட்டுக்கு வருமானம் புகையிலை. தெற்கே கொஞ்சம் தேயிலை. மிச்சத்துக்கு ஏரி இருந்தது. ஏரியைப் பார்க்க வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரிய லாரிகளில் கும்பலாக வருவார்கள். நீருக்கடியில் இருக்கிற நீலமும் மஞ்சளுமான சின்ன மீன்களைப் பார்க்க முங்குவார்கள். கரையெல்லாம் அவர்களுக்கான தங்கும் விடுதிகள். விடுதி வாசலில் ஊர்க்காரர்கள் மரச் சிற்பம் விற்றுப் பிழைத்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி அந்தக் கரையில்தான் இருந்தது.

லேபுக்குத் தலைவர் மிஸ்டர் சிர்வா. அந்த நாட்டுக்காரர். காலர் நைந்துபோன சட்டைதான் போடுவார், ஆனால் டை கட்டாமல் நான் பார்த்ததில்லை. சத்தம் போடவே மாட்டார். நான் ஸ்லைடு பார்க்கும்போது பின்னால் வந்து நாற்காலியின் முதுகில் கையை வைப்பார். கை அங்கேயே இருந்தால் நான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். கையை எடுத்துவிட்டால் நிம்மதி. அவர் என்னிடம் முதலில் சொன்னதே, "ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்" என்பதுதான். நடுவில் எல்லோரும் பார்ப்பார்கள், ஓரத்தைத்தான் விட்டுவிடுவார்கள் என்பார்.

அங்கே எங்கள் முக்கால்வாசி வேலை பில்ஹார்சியா. ஊர்க்காரர்கள் அதை லிக்கோட்சோ என்பார்கள். நம் பக்கம் இல்லாத நோய், அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளியின் மூத்திரத்தில் புழுவின் முட்டை வெளியேறும். அது தண்ணீரில் சேர்ந்தால் பொரித்து ஒரு சின்ன நத்தைக்குள் போய்விடும். நத்தைக்குள் வளர்ந்து மறுபடி தண்ணீருக்கு வரும். அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் போதும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குடிக்கக்கூட வேண்டாம். பிறகு மூத்திரத்தில் ரத்தம் போகும். அந்தக் கரையில் பையன்களுக்குச் சிவப்பாகப் போனால், பெரியவனாகிவிட்டான் என்று நினைக்கிற வீடுகள்கூட இருந்தன. அத்தனை சகஜம்.

பரிசோதனைக்கு மூத்திரத்தை உச்சி வெயில் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் முட்டை அதிகம் வரும். நோயாளியைக் கொஞ்சம் ஓடச் சொல்லி, கடைசியில் வருகிற சொட்டுகளைப் பிடிக்க வேண்டும். அடி கூம்பிய கண்ணாடியில் ஊற்றித் தெளிய விட்டு, அடி மண்டியை உறிஞ்சி ஸ்லைடில் வைக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் முட்டை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால், ஒரு நுனியில் முள் நீட்டிக்கொண்டிருக்கிற நெல்மணி மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

கலியமூர்த்தி அங்கே வந்து சேர்ந்தது என் இரண்டாம் வருஷத்தில். கையில் அரிவாள் வெட்டுக் காயத்தோடு வந்திருந்தான். அவன் பெயரைக் கூப்பிட முடியாமல் நர்ஸ் திணறுவது கேட்டு நான் லேபிலிருந்து எழுந்து போனேன். "நீங்க எந்த ஊரு தம்பி?" என்றேன். அவன் தமிழைக் கேட்டுப் பேயைப் பார்த்தவன்போல நின்றான். பூதலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். தண்ணீர் வராத வருஷங்களில் வேலை இல்லாமல் போக, திருச்சியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து வந்திருக்கிறான். மனைவியும் ஒரு மகளும் ஊரில். பக்கத்து விடுதியில் தோட்டக்காரன். விடுதி முதலாளியின் முன்னோர்கள் குஜராத்திலிருந்து போனவர்கள், அவர் அங்கேயே பிறந்தவர். கடற்கரை ஹோட்டல் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தானாம். வந்த புதிதில் கடல் என்றே நம்பியிருக்கிறான். ஒருநாள் குளிக்கும்போது வாயில் தண்ணீர் போனதும் பதறிவிட்டானாம். "உப்பே இல்லக்கா. கடலயே ஏமாத்திட்டானுவ" என்றான். அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். அவன் வந்தால் நான் ரசம் வைப்பேன். புளி கிடைக்காது, தக்காளி ரசம்தான். ஊரில் யாருக்கு என்ன ஆச்சு என்று இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமலேயே பேசிக்கொண்டிருப்போம்.

அவன் செய்த காரியம் ஒன்று உண்டு. ஏரிக்கரை மணலில் அலை அடித்துக்கொண்டே இருக்கும், நின்று குளிக்க முடியாது. விடுதிக்குப் பக்கவாட்டில் கோரை மண்டிய ஒரு குடாவு இருந்தது. காற்றுப் படாத இடம். வேலை முடிந்த சாயங்காலங்களில் குன்றிலிருந்து பட்டைக் கல்லாகப் பொறுக்கி வந்து, கோரையை அறுத்து, கரையைச் செதுக்கி, கல்லைப் பாவி ஒரு படித்துறை கட்டிவிட்டான். தண்ணீர் இறங்கினாலும் ஏறினாலும் கால் வைக்கப் படி இருக்கும்படி. நம் ஊர்க் கொத்தனார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார். என்னை அழைத்துப் போய்க் காட்டினான். நான் கரையிலேயே நின்றுகொண்டேன். இங்கே இறங்காதே, இந்த மாதிரிக் கோரை நிற்கிற, அலை அடிக்காத தண்ணீரில்தான் நத்தை இருக்கும், விடுதி உனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் குழாய் இருக்கிறதே, அதில் குளி என்று நோயை விவரமாகச் சொன்னேன்.

"எங்க காவேரியில வராத நோவா? இத்தாம்பெரிய தண்ணியில என்னக்கா ஆயிடப்போவுது?" என்றான். குழாயடியில் குந்திக் குளிப்பது ஒரு குளிப்பா என்றும் கேட்டான். ஒவ்வொரு முறை வரும்போதும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஈரத் தலையோடுதான் வந்தான். சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்துவிட்டது.

முதலாளிக்குப் படித்துறை ரொம்பப் பிடித்துப்போனது. மேலே புல் குடை ஒன்று நட்டு, பெஞ்சு போட்டு, விருந்தாளிகளுக்குக் காட்டினார். வெள்ளைக்காரப் பெண்கள் படியில் உட்கார்ந்து காலை நனைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் பக்கத்து மீனவக் குடியிருப்புப் பெண்கள் வந்தார்கள். குடம் கழுவ, துணி துவைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட. முன்பு சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தவர்கள். கலியமூர்த்திக்கு அவர்கள் கருவாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பெருமையாக எனக்குக் கொண்டுவருவான்.

மழைக்காலம் முடிகிற சமயம். முதலில் இடுப்பு வலி என்றான். கல் தூக்கியது என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த நாள் விடுதி வண்டியின் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு காலும் இல்லை. கால் இருந்தது, ஆனால் அவனுக்கு அது இருப்பது தெரியவில்லை. மூத்திரம் இறங்காமல் வயிறு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, நா நடப்பனா?" என்றுதான் கேட்டான். நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன்.

டாக்டர் அந்த நாட்டுப் பெண், வெளியே படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். டியூப் வைத்து மூத்திரத்தை எடுத்தார். ஊசியின் நுனியால் காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்து, எந்த இடத்தில் உணர்வு தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். முதுகெலும்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. எலும்புக் காசநோயாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், ஏரிப்புழுவின் முட்டை தண்டுவடத்தில் போய் அடைத்திருக்கவும் கூடும் என்றார். உள்ளே படமெடுத்துப் பார்க்கிற மெஷின் அந்த நாட்டிலேயே கிடையாது. தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் கால் போய்விடும். வீக்கம் வடிகிற மருந்தை உடனே தொடங்குகிறேன், ஆனால் காசநோயாக இருந்தால் அதே மருந்து அவனைக் கொன்றுவிடும், எனக்கு முட்டை வேண்டும், சீக்கிரம் என்று சொன்னார்.

நானும் சிர்வாவும் உட்கார்ந்தோம். முதல் ஸ்லைடில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மண்டி முழுவதையும் பார்த்துவிட்டோம். சிர்வா எனக்குப் பின்னால் வந்து நாற்காலியில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது. அன்றைக்கு அது என்னைக் கண்காணிக்கிற கையாகத் தெரியவில்லை. டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரையும் பார்த்தோம், வெள்ளை அணுக்கள்தான் இருந்தன. தண்டுவடத்துக்குப் போன முட்டை மூத்திரத்தில் வராமலே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த முட்டைகள் குடலின் கடைசியிலும் தங்கும் என்று, ஆசனவாய்க்குள் தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து அனுப்பினார். சிர்வா அதை இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்து, உடையாமல் மெதுவாக அழுத்தினார். சாயம் ஏதும் போடவில்லை. ஓரத்திலிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார்.

இருந்தது. முள்ளோடு, உயிரோடு. உள்ளே துடிப்பது தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் முட்டை பார்த்த கண், அதைப் பார்த்ததும் கலங்கிவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. காசநோய் இல்லை, மருந்தை நிறுத்த வேண்டாம், புழுவுக்கு மாத்திரை கொடுக்கலாம். டாக்டரிடம் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

கலியமூர்த்தியிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, வேறு யாருக்கும் தமிழ் தெரியாதே. சொன்னேன்.

"நா கட்டுன படியிலேருந்தாக்கா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது, வரவில்லை. அவன் கேட்ட அடுத்த கேள்வி அவன் காலைப் பற்றியதல்ல.

"அப்ப அந்தப் புள்ளைங்க?"

மருந்து வேலை செய்தது, பாதிக்கு. வலது கால் மெதுவாகத் திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. வாக்கரைப் பிடித்து நிற்பான், இரண்டடி இழுத்து இழுத்து வைப்பான். மூத்திர டியூபை எடுக்க முடியவில்லை. டாக்டர் அவனிடம் ஒளிக்காமல், இதற்கு மேல் நான் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். அதை அவனுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். அந்த வேலைக்கு யாரும் என்னைப் பழக்கவில்லை.

டாக்டர் விடுதி முதலாளியை வரவழைத்தார். அவரை வில்லன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கலியமூர்த்தியைத் தினம் வந்து பார்த்தார், ஊருக்கு அனுப்புகிற ஏற்பாடு முழுவதும் அவரே செய்தார், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார். ஆனால் கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னபோது முடியாது என்றார். இந்தக் கரையில் ஒவ்வொரு விடுதியும் தன் பக்கத்துத் தண்ணீர் சுத்தம் என்றுதான் சொல்கிறது, நான் மட்டும் பலகை வைத்தால் லாரிகள் பக்கத்து விடுதிக்குப் போய்விடும், என் ஆட்களுக்கு வேலை போகும், புகையிலையும் விலை போகாத வருஷம், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். பலகைக்குப் பதில் முதலாளி நீச்சல் குளம் ஒன்று கட்ட ஆரம்பித்தார். பெஞ்சும் புல் குடையும் அங்கே போயின. விருந்தாளிகள் அதன் பிறகு படித்துறைப் பக்கம் வரவில்லை. குளத்துக்கு மின்சாரத்தில் தண்ணீர் ஏற்றி மருந்து போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பில் ஒரு குழாய்கூடக் கிடையாது.

ஊருக்குப் புறப்படுகிற அன்று காலை கலியமூர்த்தி ஒரே பிடிவாதமாக இருந்தான். "அக்கா, அந்தக் கல்லப் பேத்துப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அது கெடந்தா அந்தப் புள்ளைங்களுக்கும் இதே கெதிதான். நாந்தானே கொண்டாந்து வச்சேன்" என்றான். சிர்வாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் டையைச் சரிசெய்துகொண்டு கூட வந்தார். விடுதித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். கூட வந்த இன்னொருவன் தோளில் கடப்பாரை இருந்தது.

படித்துறை நிறையப் பெண்கள். துணியும் குடமும் பிள்ளைகளுமாக. அவனைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி வணக்கம் சொன்னார்கள். அந்த நாட்டு வழக்கம் அது. அவனை மேல்படியில் உட்கார வைத்தோம். அவன் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, சிர்வா அவர்கள் மொழியில் சொன்னார். இந்தத் தண்ணீர்தான் இவன் காலை எடுத்தது, படியை எடுத்துவிடப் போகிறான், மேலே ஏறுங்கள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி ரொம்ப மரியாதையாகப் பேசினாள். சிர்வா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். லிக்கோட்சோ எங்களுக்கும் தெரியும், எங்கள் அம்மாக்களுக்கும் இருந்தது. படியை எடுத்தாலும் நாளைக்கு நாங்கள் இதே தண்ணீருக்குத்தான் வருவோம், சேற்றில் வருவோம். வேறு தண்ணீர் எங்கே என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடப்பாரை வைத்திருந்தவன் கலியமூர்த்தியைப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாங்கக்கா. கரையேறுன்னு நா எப்படிச் சொல்றது? எங்கூருல மேலத்தெருக்காரங்க எங்கப்பாவ அப்படித்தான் சொன்னாங்க. துறையில குளிச்சிக்கிட்டு இருந்தவர, அத்தினி பேரு முன்னாடி. நா பக்கத்துலதான் நின்னேன்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருக்கிறோம், இதை அவன் சொன்னதே இல்லை. குழாய் இருக்கும்போது ஏரி எதற்கு என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவன் என்ன சொன்னான் என்று சிர்வா கேட்டார். எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னேன்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது. தூக்குவதற்காக ஆட்கள் குனிந்தபோதுதான் கவனித்தோம், அவன் இடது காலில் செருப்பு இல்லை. கோரைச் சேற்றில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. பாதமெல்லாம் சேறு. அந்தப் பெண் குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள். பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். சிர்வா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கலியமூர்த்தி யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"தண்ணி சில்லுனு இருக்காக்கா?"

நான் குனிந்து, அவன் பாதத்திலிருந்து வழிகிற தண்ணீரில் கையை வைத்தேன்.

"இருக்கு தம்பி" என்றேன்.